கடல் கேள்வி–பதில்: கரை ஒதுங்கிய டால்பினைத் தண்ணீருக்குள் தள்ளலாமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்திலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் வந்த கேள்விகள் இந்த இதழில். பெரும்பாலும் திமிங்கலம், டால்பின் பற்றியவையே எடுத்துக்கொண்டோம்; மீன் வாங்குவது பற்றிய கேள்விகளுக்கு அடுத்த இதழில் பதில் வரும்.

கே: சால்ட் ராக் பக்கம் டால்பின் ஒன்று கரையேறிக் கிடந்தது. நாலைந்து பேர் சேர்ந்து வாலைப் பிடித்து இழுத்துக் கடலில் விட்டார்கள். அரை மணி நேரத்தில் திரும்பி வந்து செத்துப்போனது. வேறென்ன செய்திருக்க வேண்டும்? — ர.மு., டோங்காட்

ப: தனியாகக் கரை ஒதுங்கும் டால்பின் பெரும்பாலும் வழி தவறி வந்ததாக இருக்காது. நோய், காயம், முதுமை, தாயைப் பிரிந்த குட்டி என்று ஏதோ ஒரு காரணத்தால் நீந்த முடியாமல் போயிருக்கும். முங்காமல் மூச்சு விடலாம் என்றுதான் ஆழமில்லாத தண்ணீருக்கு வருகிறது. திரும்பத் தள்ளினால் அந்தக் காரணம் அப்படியேதான் இருக்கும். இருந்த கொஞ்சம் தெம்பும் அலையோடு மல்லுக்கட்டியே தீர்ந்துவிடும்.

வாலைப் பிடித்து இழுப்பது அதைவிட மோசம். முதுகெலும்பு மூட்டு விலகும். இழுக்கிற இழுப்பில் தலை தண்ணீருக்குள் போய்விடும். டால்பினுக்கு வாய் வழியாக மூச்சு கிடையாது, உச்சந்தலையில் இருக்கும் ஒற்றைத் துளைதான். அதில் மணலும் தண்ணீரும் ஏறினால் முடிந்தது.

கண்ணுக்குத் தெரியாத சேதம் ஒன்றும் உண்டு. கடலில் எடை தெரியாமல் மிதந்த உடம்பு மணலில் கிடக்கும்போது, அதன் எடையே அதன் நுரையீரலை அழுத்துகிறது. அடியில் மாட்டிய தசைக்கு ரத்தம் போகாமல் சிதைகிறது. சிதைந்த தசையின் புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. கைதட்டி வழியனுப்பி வைத்த டால்பின் அடுத்த நாள் நடுக்கடலில் சாவது இப்படித்தான்.

ஆகவே முதலில் போன். தேசியக் கடல் மீட்பு நிறுவனத்தின், அதாவது என்.எஸ்.ஆர்.ஐ.யின் அவசர எண் 087 094 9774. பொறுப்பானவர்களுக்கு அவர்கள் சொல்லிவிடுவார்கள். எந்தக் கடற்கரை, எந்தப் பாதை வழியாக இறங்க வேண்டும், எத்தனை விலங்கு, உயிர் இருக்கிறதா, சுமார் எத்தனை மீட்டர் நீளம், அலை ஏறுகிறதா இறங்குகிறதா: இத்தனையும் சொல்லுங்கள். பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து வையுங்கள். என்ன இனம் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

ஆட்கள் வரும்வரை செய்யக்கூடியது இது. பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தால், சிறிய உடம்பாக இருந்தால் மட்டும், இரண்டு மூன்று பேர் சேர்ந்து மெதுவாக வயிறு கீழே வரும்படி திருப்புங்கள். பக்கத் துடுப்பு இரண்டுக்கும் கீழே மணலைத் தோண்டிக் குழி செய்து தண்ணீர் விட்டால் துடுப்பு மடங்காது, உடம்பும் சூடாகாது. பழைய பருத்திச் சேலையோ படுக்கை விரிப்போ நனைத்து முதுகில் போடலாம்; நைலான் வேண்டாம். மூச்சுத்துளையை மூடவே கூடாது. முதுகுத் துடுப்பு, பக்கத் துடுப்பு, வால் இவற்றின் வழியாகத்தான் உடல் சூடு வெளியேறுகிறது, அதனால் அங்கே துணி போடாமல் தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். தண்ணீரைத் துளைக்குப் பின்பக்கமாக ஊற்றுங்கள். துளை திறக்கும் நேரம் பார்த்துக் கையை நிறுத்திக்கொள்ளுங்கள். வெயில் அடித்தால் குடை பிடியுங்கள். சன் கிரீம், எண்ணெய் எதுவும் தடவாதீர்கள்.

கூட ஒருவர் கடிகாரத்தைப் பார்த்து மூச்சை எண்ணி எழுதட்டும். நல்ல நிலையில் உள்ள டால்பின் நிமிடத்துக்கு 2 முதல் 5 முறை மூச்சு விடும். 10-ஐத் தாண்டினால் அது தவித்துக்கொண்டிருக்கிறது. கூட்டத்தை இன்னும் விலக்குங்கள். வருகிற மருத்துவருக்கு அந்தத் தாள்தான் பெரிய உதவி. வால் பக்கம் நிற்க வேண்டாம், ஓர் அடி விழுந்தால் நம் எலும்பு முறியும். மூச்சுத்துளைக்கு மேல் குனிய வேண்டாம், அதிலிருந்து தெறிக்கும் நீரில் நோய்க்கிருமி இருக்கலாம். நாய், சத்தம், செல்ஃபி மூன்றையும் தூரத்தில் வைத்துவிடுங்கள்.

இன்னொன்று. நம் கரையில் அடிக்கடி ஒதுங்குகிறவற்றில் குட்டை ஸ்பெர்ம் திமிங்கலமும் உண்டு. மூன்று மீட்டருக்கு உள்ளே இருக்கும். கண்ணுக்குப் பின்னால் செவுள் போன்ற ஒரு வெளிர் கோடு இருப்பதால் சுறா என்றே பலர் நினைப்பார்கள். பயந்தால் குதத்தின் வழியாகச் செம்பழுப்பு நிறத் திரவத்தைப் பீய்ச்சும். ‘ரத்தமாகப் போகிறது’ என்று பதறி ஆளுக்கு ஒரு பக்கம் இழுப்பதைப் பார்க்கிறோம். அது ரத்தம் கிடையாது. கணவாய் மை விடுவது போல, எதிரியின் கண்ணை மறைக்க அது வைத்திருக்கும் வழி.

சில சமயம் மருத்துவர் வந்து, வலியில்லாமல் உயிரை முடித்துவிடுவதே நல்லது என்று முடிவெடுப்பார். அதற்குக் கோபப்படுகிறவர்கள் 2009 மே 30-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். கேப் டவுனுக்குத் தெற்கே கொம்மெட்கியில் 55 பொய்க் கொலையாளித் திமிங்கலங்கள் (பெரிய டால்பின் இனம் ஒன்று) கரையேறின. நூற்றுக்கணக்கானவர்கள் குளிரில் நின்று தள்ளினார்கள். தள்ளத் தள்ளத் திரும்பி வந்தன. கடைசியில் 44-ஐச் சுட வேண்டியதாயிற்று. கூட்டமாக வாழும் இனங்களில் ஒன்று கரையில் கிடந்து கூப்பிட்டால் மற்றவை விட்டுப் போகாது.

சீல் (கடல்நாய்) விஷயம் முற்றிலும் வேறு. சீல் கரையில் படுத்திருந்தால் ஓய்வெடுக்கிறது, அவ்வளவுதான். தண்ணீர் ஊற்றாதீர்கள், கடலுக்கு விரட்டாதீர்கள். 2024-இல் மேற்குக் கேப்பில் கேப் ஃபர் சீல்களுக்கு வெறிநோய் இருப்பது உறுதியானது. கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஊசிக்குப் போக வேண்டும்.

கே: ஸ்கீ போட்டில் (கரையிலிருந்தே இறக்கும் சிறு மோட்டார் படகு) மீன் பிடிக்கப் போகிறவன் நான். ஜூலை மாதத்தில் திமிங்கலம் தானாகவே போட்டுக்குப் பக்கத்தில் எழும்புகிறது. 300 மீட்டர் சட்டத்தை நான் மீறியதாக ஆகுமா? — கோ.சு., மெரேபேங்க்

ப: அது எழும்பியது உங்கள் குற்றமில்லை, எழும்பிய பிறகு அங்கேயே நின்றால் குற்றம். கடல் வாழ் வளச் சட்டத்தின் கீழ் உள்ள விதிப்படி, அனுமதி இல்லாத எந்தப் படகும் திமிங்கலத்துக்கு 300 மீட்டருக்குள் போகக்கூடாது. அது நெருங்கி எழும்பினால் உடனே 300 மீட்டருக்கு விலக வேண்டும். அனுமதி பெற்ற சுற்றுலாப் படகுக்கு 50 மீட்டர். டால்பின் கூட்டத்துக்கு நடுவே படகு ஓட்டுவதும் குற்றம்.

விலகுவதிலும் முறை இருக்கிறது. திமிங்கலம் படகை ஒட்டியே இருந்தால் கியரை நியூட்ரலில் போட்டு, அது எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். அது தாண்டியதும் குறைந்த வேகத்தில், அதன் பாதைக்குக் குறுக்கே வராமல் பக்கவாட்டில் விலகுங்கள். முன்னால் போய் வழி மறிப்பதும் பின்னால் துரத்துவதும் கூடாது. குட்டி இருந்தால் தாய் எங்கே என்று தெரியும்வரை திருப்பவே வேண்டாம். தாய்க்கும் குட்டிக்கும் இடையில் படகு புகுந்துவிடுவதுதான் நடக்கிறதிலேயே பெரிய தப்பு. திரும்பத் திரும்ப வாலால் தண்ணீரை அறைந்தாலோ, எக்காளம் போல் சத்தத்தோடு மூச்சு விட்டாலோ, நீங்கள் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டீர்கள்.

இதில் என்ன கெட்டுப்போகிறது என்றால்: கூன்முதுகுத் திமிங்கலம் அண்டார்க்டிக் கோடையில் தின்று சேர்த்த கொழுப்பில்தான் இந்தப் பயணம் முழுக்க ஓட்டுகிறது. வழியில் பெரிதாகச் சாப்பாடு கிடையாது. அந்தக் கொழுப்பிலிருந்தே குட்டிக்குப் பாலும் கொடுக்க வேண்டும். ஒரு படகுக்காக ஒரு தடவை ஓடுவது பெரிய விஷயமில்லை. டர்பனிலிருந்து ரிச்சர்ட்ஸ் பே வரை ஒவ்வொரு படகுக்கும் ஓடினால் பால் குறையும்.

திமிங்கலப் பருவத்தில் வெளியே போகும்போதும் வரும்போதும் வேகத்தைப் பாருங்கள். மோதலில் திமிங்கலம் சாகும் வாய்ப்பு 10 நாட் (மணிக்குச் சுமார் 18.5 கி.மீ.) வேகத்துக்குக் கீழே வெகுவாகக் குறைகிறது. உங்கள் போட்டுக்கும் அது நல்லது; 30 டன் உடம்பின் மேல் ஏறினால் கவிழப்போவது நீங்கள்தான்.

கே: சுறா வலையை எடுக்க வேண்டும் என்று சிலர் பேசுகிறார்கள். வலை இல்லாவிட்டால் நம் பிள்ளைகள் எப்படிக் குளிப்பது? டால்பினை விட மனிதன் முக்கியமில்லையா? — தே.ந., சாட்ஸ்வர்த்

ப: வலை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் கேள்வியே கொஞ்சம் மாறிவிடும். பலரும் நினைப்பது போல அது கரையை அடைக்கும் வேலி கிடையாது. ஒவ்வொரு வலையும் சுமார் 214 மீட்டர் நீளம், 6 மீட்டர் ஆழம். கரையிலிருந்து 300 முதல் 500 மீட்டர் தள்ளி, 10 முதல் 14 மீட்டர் ஆழத் தண்ணீரில், இடைவெளி விட்டு இரண்டு வரிசையாகத் தொங்குகிறது. சுறா மேலாலும் கீழாலும் ஓரத்தாலும் வந்து போகலாம். மாட்டுகிறவற்றில் கணிசமானவை கரைப் பக்கமிருந்து கடலுக்குத் திரும்பும்போது மாட்டுகின்றன. ஆக, வலை தடுப்பதில்லை, பிடித்துக் கொல்கிறது. சுறா எண்ணிக்கை குறைவதால் ஆபத்தும் குறைகிறது. 1952-இல் டர்பனில் முதல் வலை போட்டதிலிருந்து வலையுள்ள கடற்கரைகளில் தாக்குதல் மிகவும் குறைந்தது உண்மை. அதை மறைத்துப் பேசுகிறவர்களோடு நமக்கு உடன்பாடு இல்லை.

ஆனால் வலைக்கு ஆள் அடையாளம் தெரியாது. ஆமை, திருக்கை, ஆபத்தில்லாத சுறா, டால்பின் எல்லாம் மாட்டும். அதில் மிகவும் கவலைக்குரியது இந்தியப் பெருங்கடல் கூன்முதுகு டால்பின். தென்னாப்பிரிக்கக் கரை முழுவதிலும் 500-க்கும் குறைவாகவே இருப்பதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். நாட்டின் அழியும் நிலைப் பட்டியலில் இருக்கிறது. கரையை ஒட்டிய, 25 மீட்டருக்குக் குறைந்த ஆழத்திலேயே காலம் தள்ளும் பிராணி. வலை இருக்கும் அதே பட்டையில்தான் அதன் வீடு. ஏறக்குறைய மூன்று வருடத்துக்கு ஒரு குட்டிதான். அந்த முதல் குட்டிக்கும் ஒரு கண்டம் உண்டு: தாயின் கொழுப்பில் வருடக்கணக்கில் சேர்ந்த பூச்சிமருந்து, தொழிற்சாலை ரசாயனங்களில் பெரும்பங்கு பால் வழியாக அதற்குத்தான் போகிறது. இப்படிப்பட்ட கூட்டத்தில் வருடத்துக்கு இரண்டு மூன்று வலையில் சிக்கினாலே ஈடுகட்ட முடியாது. சிக்குவது அதிகம் ரிச்சர்ட்ஸ் பேயில்.

அதனால் டால்பினா மனிதனா என்று கேட்பதை விட, எந்தக் கடற்கரையில் எந்தச் சாதனம் என்று கேட்பதே பயனுள்ளது. 2007 முதல் பல இடங்களில் வலையின் ஒரு பகுதியை எடுத்துவிட்டு டிரம் லைன் போட்டிருக்கிறார்கள்: நங்கூரமிட்ட மிதவை, அதிலிருந்து இரை மாட்டிய ஒற்றைக் கொக்கி. இதிலும் சுறா சாகிறது, ஆனால் டால்பினும் திருக்கையும் அரிதாகவே மாட்டுகின்றன. கேப் டவுனின் ஃபிஷ் ஹூக்கில் 2013 முதல் சிறு கண் வலையைக் காலையில் விரித்து மாலையில் சுருட்டுகிறார்கள். கண் சிறிதாக இருப்பதால் எதுவும் சிக்காது. ‘இங்கேயும் போடலாமே’ என்று கேட்கலாம். டர்பன் அலை அதைக் கிழித்துவிடும். அது அமைதியான விரிகுடாவுக்கான வலை. மலை மேலிருந்து சுறாவைப் பார்த்துக் கொடி ஏற்றும் முறைக்கும் மலை வேண்டும், தெளிந்த தண்ணீர் வேண்டும். மழைக்குப் பிறகு கலங்கி ஓடும் உம்கேனி ஆற்று முகத்துவாரத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எங்கள் கருத்து: கூட்டம் குறைந்த கடற்கரைகளிலும் ரிச்சர்ட்ஸ் பேயிலும் வலையை முழுக்க டிரம் லைனாக மாற்றுவதைத் தள்ளிப்போட இனியும் காரணம் இல்லை. டர்பனின் நடுக் கடற்கரைக்குப் பதில் அத்தனை சுலபமில்லை. மத்தி மீன்கள் பெருங்கூட்டமாகக் கரையோரம் வரும் ‘மத்தி ஓட்டத்தின்போது’ வலையை எடுத்துவிட்டுக் குளிக்கத் தடை போட்டால் முணுமுணுக்காதீர்கள். அந்த நாட்களில் வலை இருந்தால் மத்தியைத் துரத்திவரும் டால்பின்களும் சுறாக்களும் கும்பலாகச் சாகும். பிள்ளைகள் உயிர்காவலர் கொடிக்கு நடுவே குளிக்கட்டும். ஆறு கலக்கிவிட்ட தண்ணீரிலும், விடியலிலும், பொழுது சாயும்போதும் இறங்க வேண்டாம். வலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இது பொருந்தும்.

கே: கயிறு சுற்றிய திமிங்கலத்தைப் பார்த்தால் கத்தியோடு குதித்து அறுத்துவிடலாமா? வீடியோக்களில் செய்கிறார்களே. — பி.ரா., கேகேபெர்ஹா

ப: வேண்டவே வேண்டாம். இப்படிக் குதித்துச் செத்தவர்கள் உலகில் உண்டு. அதைவிட முக்கியமாக, வீடியோவில் அறுக்கப்படுவது பெரும்பாலும் பின்னால் இழுபடும் கயிறு. அறுக்கக் கூடாத கயிறே அதுதான். மீட்புக் குழுவுக்கு இருக்கும் ஒரே பிடி அது. அந்தக் கயிற்றில் மிதவைகளைக் கட்டி, திமிங்கலம் களைத்து மேலே நிற்கும்படி செய்வார்கள். பிறகு படகில் இருந்தபடியே, நீண்ட கம்பின் நுனியில் வளைந்த கத்தியால், வாய்க்குள்ளோ துடுப்பின் அடியிலோ இறுகிக் கிடக்கும் கயிற்றை அறுப்பார்கள். கத்தியின் வெளிப்பக்கம் மழுங்கலாக இருக்கும், தோலைக் கிழிக்காது. பின்னால் இழுபட்ட கயிறு போய்விட்டால் திமிங்கலம் சுதந்திரமாகப் போவது போல் இருக்கும். உள்ளே இறுகிய சுற்று மாதக்கணக்கில் சதையை அறுத்துக்கொண்டே இருக்கும்.

தென்னாப்பிரிக்கத் திமிங்கல விடுவிப்பு வலையமைப்பு 2006 முதல் இந்த வேலையைச் செய்கிறது. மேலே சொன்ன அதே எண்ணுக்குப் பேசுங்கள். ஜி.பி.எஸ். இடம், போகும் திசை, மிதவையின் நிறம், அதில் எழுதியிருக்கும் எண் ஆகியவற்றைச் சொல்லி, 300 மீட்டர் தள்ளி நின்று கண்ணை எடுக்காமல் பாருங்கள். குழு வந்து சேரும்வரை திமிங்கலத்தைத் தொலைக்காமல் இருப்பதே பாதி வேலை.

கயிறு போடுகிறவர்களுக்கும் வழி இருக்கிறது. 2019 ஜூனில் ஃபால்ஸ் பேயில் ஆக்டோபஸ் பொறிக் கயிற்றில் திமிங்கலங்கள் சிக்கிச் செத்ததும் அந்த மீன்பிடிப்பைத் தற்காலிகமாக நிறுத்தினார்கள். கயிறு கட்டும் முறையில் மாற்றம் கேட்ட பிறகே திரும்ப அனுமதித்தார்கள். நண்டுப் பொறிக்கும் இதே கணக்குதான். தளர்வாக மிதக்கும் கயிறுதான் எமன். அமிழும் கயிறாக, ஆழத்துக்கு அளந்து கட்டியதாக இருக்க வேண்டும்.

கே: தைப்பூசம், ஆடி, புரட்டாசிப் பூஜைப் பொருட்களைக் கடலில் விடுவது பழக்கம். இது கடலைக் கெடுக்கிறதா? — ஒரு வாசகி, ஃபீனிக்ஸ்

ப: பொருளைப் பொறுத்தது, இடத்தைப் பொறுத்தது. உதிரிப்பூ, வாழையிலை, வெற்றிலை, உடைத்த தேங்காய், களிமண் விளக்கு இவற்றால் திறந்த கடலுக்கு ஒன்றும் ஆகாது. கற்பூர டப்பா, ஊதுபத்தி உறை, நைலான் நூலில் கட்டிய மாலை, பிளாஸ்டிக் பூ, ஜரிகைத் துணி, அலுமினியத் தட்டு இவைதான் கேடு. தை மாதத்தில் இன்னும் கவனம் வேண்டும். வடக்கே இசிமங்கலிசோ கரையில் பெருந்தலை ஆமையும் ஏழுவரி ஆமையும் முட்டையிட்டுப் பொரித்த குஞ்சுகள் அந்தச் சமயத்தில்தான் நீரோட்டத்தோடு தெற்கே மிதந்து போகின்றன. உள்ளங்கை அளவு குஞ்சு, மிதக்கிற எதையும் கொத்திப் பார்க்கும். 2017 அக்டோபர் புயலில் டர்பன் துறைமுகத்தில் கொட்டிய 49 டன் பிளாஸ்டிக் மணிகள் ஏற்கெனவே போதாதா?

பால், தயிர், பூவை ஆற்று முகத்துவாரத்தில் கொட்டுவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மழையில்லாத மாதங்களில், சித்திரையிலிருந்து ஆடி வரை, நம் கரையின் சின்ன ஆறுகள் பலவற்றின் வாயை மணல் அடைத்துவிடுகிறது. தேங்கிய அந்தத் தண்ணீரில் குடம் குடமாகப் பால் விழுந்தால், அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் ஆக்ஸிஜனை இழுத்துக்கொள்ளும், மீன் குஞ்சுகள் செத்து மிதக்கும். அலையடிக்கும் கடலில் அதே பால் ஒரு பொருட்டே இல்லை. எனவே பூஜை முடிந்ததும் ஒரு பையில் எல்லாவற்றையும் கொண்டுபோய், மாலையின் நூலை உருவிவிட்டு, பூவை மட்டும் அலையில் விடுங்கள். மிச்சம் பையோடு வீட்டுக்கு வரட்டும். கோவில் நிர்வாகம் கரையில் இரண்டு தொட்டி வைத்து, வாசலில் சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

கே: கரையில் இருந்தே திமிங்கலம் பார்க்க எந்த மாதம், எந்த நேரம் நல்லது? பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போக வேண்டும். — ஓர் ஆசிரியர், ஸ்டேங்கர்

ப: நம் கணக்கில் சொன்னால், ஆனியிலும் ஆடியிலும் வடக்கே மொசாம்பிக்கை நோக்கி; புரட்டாசி, ஐப்பசியில் குட்டியோடு தெற்கே. பிள்ளைகளுக்குப் புரட்டாசி நல்லது, குட்டியோடு வருபவை மெதுவாகப் போகும். நேரத்தில்தான் சிக்கல். நம் கரை கிழக்கு பார்த்தது, காலையில் சூரியன் கண்ணைக் கூசும். பிற்பகலில் வெயில் முதுகுப் பக்கம் வந்தாலும் காற்று எழும்பி வெள்ளை அலையில் எதுவும் தெரியாது. காற்றில்லாத நாளாகப் பார்த்து, பத்து மணிக்கு மேல், உயரமான இடத்தில் நில்லுங்கள். பிளஃப் மேடு நல்ல இடம். 8×42 பைனாகுலர் போதும். அதைவிடப் பெரிதானால் பிள்ளைகள் கை ஆடும். முதலில் வெறும் கண்ணால் தேடச் சொல்லுங்கள். புஸ்ஸென்று எழும் நீர்ப்புகைதான் முதல் அடையாளம். புதர் போல ஒற்றையாக எழுந்தால் கூன்முதுகு. ‘வி’ வடிவில் இரண்டாகப் பிரிந்து, முதுகில் துடுப்பும் இல்லையென்றால் சதர்ன் ரைட் என்ற திமிங்கல இனம். வாலின் அடிப்பக்கம் படத்தில் விழுந்தால் தேதி, இடத்தோடு ஹேப்பிவேல் (Happywhale) என்ற இணையதளத்தில் ஏற்றுங்கள். அந்தக் கறுப்பு வெள்ளைத் திட்டு ஒவ்வொன்றுக்கும் தனி, அதை வைத்து வேறெங்கே கண்டார்கள் என்று சொல்லிவிடுவார்கள்.

கே: திமிங்கலம் பெருகிவிட்டது என்கிறார்கள். இன்னும் பாதுகாப்பு எதற்கு? — அ.வே., லெனேசியா

ப: எந்தத் திமிங்கலம்? பிளஃப்பில் 1908 முதல் 1975 வரை திமிங்கல வேட்டை நடந்தது. அதிலிருந்து கூன்முதுகு நன்றாகவே மீண்டிருக்கிறது. 1935 முதல் பாதுகாப்பில் உள்ள சதர்ன் ரைட்டும் பல பத்தாண்டுகள் ஏறுமுகம்தான். ஆனால் 2010-க்குப் பின் தாய்கள் மூன்று வருடத்துக்கு ஒரு குட்டி என்பது நாலைந்து வருடமாகிவிட்டது, மெலிந்தும் வருகின்றன. தெற்கே இரை கிடைப்பதில் கோளாறு. அண்டார்க்டிக் நீலத் திமிங்கலமோ வேட்டைக்குப் பிறகு நூற்றில் ஒன்றுகூட மிஞ்சவில்லை, இன்றும் அழிவின் விளிம்பில்தான்.

கே: கரையில் கிடைத்த திமிங்கல எலும்பை வீட்டுத் தோட்டத்தில் வைக்கலாமா? — கா.செ., வெருலம்

ப: கூடாது. திமிங்கலத்தின் எந்தப் பாகத்தையும், அதிலிருந்து கிடைக்கும் பொருளையும் அனுமதி இல்லாமல் வைத்திருப்பது குற்றம்; செத்து ஒதுங்கியதா, எத்தனை வருடப் பழசு என்பதெல்லாம் எடுபடாது. தாத்தா காலத்து எலும்பு வீட்டில் இருந்தால் அதற்கும் அனுமதிச் சீட்டு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புதிதாகச் செத்த உடல் ஒதுங்கியிருந்தால் பக்கத்திலேயே போகாதீர்கள். அந்த வாடைக்குச் சுறா வரும், உடல் அங்கிருந்து அகற்றப்படும்வரை அக்கம்பக்கத்தில் கடலில் இறங்கவும் வேண்டாம்.